ஐந்து மூக்குகளின் சாட்சி

ஐஸ் தொழிற்சாலைக்குள் குடியிருப்பவர்கள் கோடையிலும் குளிர்ந்து கிடப்பார்கள் என்று தெருவில் போகிறவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. அந்த வீட்டிற்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை பெரியவளும் அவ்வாறே எண்ணியிருந்தாள். குளிர் முழுவதும் தொட்டிக்குள் போய்விடுகிறது, அதைப் பிழிந்தெடுத்த சூடு முழுவதும் வீட்டாரின் தலையில் இறங்குகிறது என்ற உண்மை, வந்து ஒரு கோடையைக் கழித்த பிறகே அவளுக்கு விளங்கிற்று.

கட்டடத்தின் முன்பக்கம் தெருவைப் பார்த்திருந்தது. அங்கே ஒரு சன்னல். அதன் வழியாகத்தான் சில்லறை ஐஸ் விற்பனை நடைபெறும். சன்னலுக்குப் பின்னால் உப்புத்தண்ணீர்த் தொட்டி. தொட்டியை மூடிய பலகைகளுக்கடியில், வரிசையாக முங்கிக் கிடக்கும் தகர டின்களில் நல்ல தண்ணீர் உறைந்து பாளம் பாளமாகிக்கொண்டிருக்கும். அதற்கப்பால் மிஷின் அறை. அது மாமனாரின் ராஜ்யம். ஆள் உயரச் சக்கரம் ஒன்று அங்கே ஓயாமல் சுழன்றது. குளிரூட்டும் அமோனியா வாயுவை அது குழாய்கள் வழியே விரட்டிக்கொண்டிருந்தது. வீட்டார் அதைச் சுருக்கமாகக் ‘கேஸ்’ என்பார்கள். மிஷின் அறைக்குப் பின்னால் ஒரு சுவர் தள்ளிக் குடும்பம் வசித்தது. முதலாளி வேறு ஊரில் இருந்தார். மிஷினை ஓட்டுவது மாமனார். டின்களைத் தூக்கிப் பாளங்களை உருவுவது அவருடைய மூத்த மகன். வண்டியில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோவது இளைய மகன். சன்னலில் நின்று விற்பது மூத்த மருமகளாகிய பெரியவள். இவர்கள் அனைவரையும் மேய்ப்பது மாமியார்.

இளைய மருமகள் வந்து ஓர் ஆண்டு நிறையவில்லை. அவளைச் சின்னவள் என்றே அழைத்தனர். புதுக் குடித்தனத்துக்கென்று, பழைய சாமான் அறையைக் காலி செய்து, சுண்ணாம்படித்து, அழுக்குப் பிடித்த பின்சுவரைப் பலகை அடித்து மறைத்துக் கொடுத்திருந்தார்கள். கோடை தொடங்கியதிலிருந்து அவள் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: அறையில் கேஸ் வாடை அடிக்கிறது, கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது.

முதலில் அனைவரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டனர். பிறகு வேடிக்கை வம்பாயிற்று; வம்பு வழக்காயிற்று. முந்தைய நாள் மாலையில் மாமியார் வழக்கை முடித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சின்னவளின் அண்ணனுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. அவன் மறுநாள் பிற்பகல் வருவான். வந்ததும், ‘வாய் கூசாமல் பொய் சொல்லும் பெண்ணை வைத்து எங்களால் குடும்பம் நடத்த இயலாது, புத்தி வந்த பிறகு அனுப்பி வையுங்கள்’ என்று சபையில் சொல்லி அவளை அவனுடன் அனுப்பிவிடுவது என முடிவாயிற்று. அந்தச் சொல்லோடு படியிறங்கும் பெண் மறுபடி படியேறுவது கடினம் என்பதை அறியாதவர் அங்கு ஒருவருமில்லை.

அந்த மாலையின் வாதங்கள் பெரியவளின் காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு மிஷின் அறையில் இணைப்பு இணைப்பாகப் பார்த்துவிட்டதாகவும், கேஸ் கசிந்தால் திரிப்புகை பால்போல் வெளுக்கும், எங்கும் வெளுக்கவில்லை என்றும் மாமனார் கூறினார். மூத்தவன் தலையாட்டினான். இளையவனோ, தன் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். மாமியாரின் வாதம்தான் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது. வந்த மூன்றாம் மாதமே தனிக்குடித்தனம் கேட்டவள் இவள். கேட்டுக் கிடைக்கவில்லை. ஆகவே வாடை என்று ஒரு காரணத்தைக் கட்டிவிட்டாள். கட்டிய காரணம் பொய்யாகத்தானே இருக்கும்?

“நாங்க அஞ்சு பேரு மோந்து பாத்துட்டு இல்லங்கிறோம். நீ ஒருத்தி இருக்குங்கிற. யாரு பேச்சை எடுக்கிறது?” என்று மாமியார் கேட்டாள்.

“அஞ்சு பேரும் ஒரே வீட்டுலதானே அத்தை இருக்கீங்க” என்றாள் சின்னவள்.

“நீ மட்டும் என்ன, அடுத்த வீட்டுலயா இருக்க? அடுத்த வீட்டுக்குப் போகத்தானே இந்தப் பாடு?”

அதைக் கேட்டுப் பெரியவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, செருப்புக்குள் புகுந்த சிறு கல்லைப்போல ஏதோ ஒன்று உறுத்தியது. ‘ஒரே வீட்டுலதானே.’ மாமியார் அதற்குச் சொன்னது நல்ல குத்தல். ஆனால் அது பதிலாகுமா?

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே சன்னலில் கூட்டம் நெரிந்தது. மீன் விற்கிறவர்கள் கூடைகளோடு நின்றனர். பழச்சாற்றுக் கடைக்காரன் வாளியை நீட்டினான். வீட்டில் சாவு விழுந்த ஒருவர், எதையும் பேசாமல், முழுப் பாளம் என்று கையால் காட்டினார். பெரியவள் சாக்கின்மேல் பாளத்தைக் கிடத்தி, கூர் ஊசியால் ஒரே கோட்டில் குத்திக்கொண்டு போனாள். சரியான இடத்தில் குத்தினால் பாளம் தானாகவே பிளந்து கொடுக்கும். தவறினால் சில்லுச் சில்லாகச் சிதறும். அன்று அவள் கை தவறிக்கொண்டே இருந்தது.

“என்னம்மா, இன்னிக்கி ஐஸ் மேல கோவமா, எங்க மேல கோவமா?” என்று மீன்காரி ஒருத்தி கேட்டாள்.

அவ்வேளையில் கொக்கி வந்து சேர்ந்தான். பாளங்களை இழுத்து வண்டியில் ஏற்றும் கூலியாள் அவன். தோளில் எந்நேரமும் இரும்புக் கொக்கி தொங்கியதால் அதுவே அவன் பெயராயிற்று. பெண் பார்ப்பதற்காக ஊருக்குப் போய், சில வாரங்கள் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். கண்கள் சிவந்து நீர் வழிந்தது; மூக்கை உறிஞ்சிக்கொண்டே சன்னலோரம் நின்றான்.

“என்ன கொக்கி, பொண்ணு பாக்கப் போனவன் அழுதுகிட்டே வர்ற?”

“அழுகை இல்லக்கா, சளி. பொண்ணு வீட்டுல நான் சிரிச்சுகிட்டுத்தான் இருந்தேன். அவங்கதான் சிரிக்கல.” அவன் கையால் கண்ணைத் துடைத்தான். “ஊருக்குப் போயிட்டு வந்தாலே எனக்கு ரெண்டு நாளைக்கு இப்படித்தான். அப்புறம் தானா சரியாயிடும்.”

பெரியவளின் ஊசி பாளத்திற்கு மேலே நின்றது.

“ஊர்லயே புடிச்சுதா? வழியிலயா?”

“ஊர்ல ஒண்ணுமே இல்லக்கா. பஸ்ல சன்னலோரம் உக்காந்து ராஜா மாதிரி தூங்கிட்டு வந்தேன். இங்க கேட்டுக்குள்ள காலை வச்சதும்தான். ஊர்த் தண்ணி இங்க வந்துதான் வேலையைக் காட்டுது.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்தான். சாராயம் குடிச்சவன்னு நெனச்சுக்கப் போறீங்க. சத்தியமா இல்ல.”

அவன் சிரித்துவிட்டு உள்ளே போனான். வாளியை நீட்டியவன் இரண்டு முறை இருமிக் காட்டிய பிறகே பெரியவள் மறுபடி குத்தத் தொடங்கினாள். ஊர்த் தண்ணீர் ஊரிலேயே வேலையைக் காட்டாமல், ஏன் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து இந்த வாசலில் காட்ட வேண்டும்?

அவளுடைய மகன் விடுதியில் தங்கிப் படித்து வந்தான். ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் முதல் இரண்டு நாள் அவனுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் வரும். விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளை தேய்ந்துபோய் வருகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் சரியாகிவிடும். ‘பாத்தியா, வீட்டுச் சாப்பாடு’ என்று பெருமைப்பட்டும் இருக்கிறாள். சரியானதற்குக் காரணம் கஞ்சிதான் என்பதை அவளுக்கு யார் சொன்னது?

அதைவிடப் பழையதொரு நினைவும் மேலெழுந்தது. அவளே புதிதாக வந்திருந்த காலத்தில், ஏதோ ஒரு காரமான வாடை எந்நேரமும் மூக்கைக் குத்திற்று. கணவனிடம் சொன்னதற்கு, ‘கொஞ்ச நாள்ல நின்னுடும்’ என்றான். அவன் சொன்னபடியே நின்றும் விட்டது.

நின்றது வாடையா, மூக்கா?

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, கணவனைச் சன்னலுக்கு அழைத்து நிறுத்திவிட்டு, மிஷின் அறைக்குப் போனாள். மாமனார் எண்ணெய்க் குப்பியோடு குனிந்திருந்தார். அவரிடம் அவள் அதிகம் பேசுகிறவள் அல்லள். ஆதலால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மாமா, வாடை அடிச்சா உங்களுக்குக் கட்டாயம் தெரியுமா?”

“என்னம்மா கேள்வி இது? இந்த மிஷின் கூடயே கெடக்கிறவன் நான். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“கூடயே கெடக்குறீங்கன்னுதான் மாமா கேக்குறேன்.”

அவர் சினம் கொள்ளாமலேயே, வெயில் இப்படிக் காயும்போது மிஷினை நிறுத்தினால் தொட்டியிலுள்ள பாளமெல்லாம் வீணாகும், கடைக்காரர்கள் வேறிடம் பார்த்துக்கொள்வார்கள், முதலாளி தம் தலையைத்தான் உருட்டுவார் என்று விளக்கினார். அவள் அதையா கேட்டாள்? நிறுத்தினால் நட்டம் என்பது உண்மை. அதனால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் எண்ணெய்க் குப்பியோடு நிற்கும் ஒருவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

சமையலறைக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, அதைத் துடைத்தாள். வெங்காயத்தை உரித்தாள், எதற்கு உரித்தாள் என்பதை மறந்தாள். வெளியாள் எவரையாவது அழைத்து மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். வெளியாட்கள் வந்தவுடன் மூக்கைச் சுளிப்பது புதிதல்ல. ஆனால் ஐஸ் தொழிற்சாலை என்றால் வாடை இருக்கத்தானே செய்யும் என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். சின்னவளின் அண்ணன் மோந்து பார்த்தால்? அவன் அவளுடைய அண்ணன். அடிக்கிறது என்றுதான் சொல்வான். அடித்தாலும் சொல்வான், அடிக்காவிட்டாலும் சொல்வான். அப்படிப்பட்டவன் சாட்சியை மாமியார் எடுக்கமாட்டாள். எடுக்காததிலும் ஒரு நியாயம் இருந்தது. எந்தப் பக்கமும் சாயாத சாட்சி ஒன்று வேண்டும்.

குழம்புக்காக மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தபோது அவள் கை அப்படியே நின்றது. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பாகும் என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும். அதுவல்ல அவள் நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கொரு முறை மிஷினுக்குக் கேஸ் நிரப்பும் நாளில் வீட்டார் அனைவரையும் மாமனார் தெருவுக்கு அனுப்பிவிடுவார். ஒரு முறை அவ்வாறு திரும்பி வந்து பார்க்கையில், காலையில் கை துடைத்து மாட்டிய துணியின் மஞ்சள் கறை செக்கச் செவேலென்று மாறியிருந்தது. யாரோ சோப்புக் கையைத் துடைத்திருக்கிறார்கள் என்று அன்று முணுமுணுத்தாள். வீட்டில் யாருமே இல்லாத நேரத்தில் யார் வந்து துடைத்திருப்பார்கள் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

சின்னவள் கணவனோடு கண் வைத்தியரிடம் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வெளியேறும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு மாமியாரிடம் போனாள். மாமியார் கட்டிலில் அமர்ந்து, பிற்பகல் சபையில் பேச வேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நாம சொல்றதை அவ அண்ணன் எப்படி நம்புவான்? கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணு காட்டணும்.”

மாமியார் நிமிர்ந்தாள். வெல்வதற்கு வழி என்றால் அவளுக்குப் பசி கூடத் தோன்றாது.

பெரியவள் விளக்கினாள். ஒரே துணியைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைப்பது. ஒரு துண்டைச் சின்னவளின் அறையில் மாட்டுவது. ஒன்றைத் தெருவாசலில் மாட்டுவது. கேஸ் பட்டால் மஞ்சள் சிவக்கும். அறையில் மாட்டியது சிவக்காவிட்டால் சின்னவள் சொல்வது பொய்.

“செவந்துட்டா?” என்றாள் மாமியார்.

“அதுதான் செவக்காதே. அஞ்சு பேரு மோந்து பாத்தாச்சே.”

மாமியார் அவளைக் கூர்ந்து நோக்கினாள். மருமகள் தன் பக்கமா, அந்தப் பக்கமா என்பது அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. “ரெண்டு துணி எதுக்கு? ஒண்ணு போதாதா?”

“ஒண்ணுன்னா, துணியில முன்னாடியே சோப்பு இருந்துச்சும்பாங்க. ரெண்டும் ஒரே துணி. சோப்பு இருந்தா ரெண்டும் செவக்கணுமே.”

“அதுவும் சரிதான். துணியை நான்தான் கிழிப்பேன். நான்தான் மாட்டுவேன். சாவி என் இடுப்புல இருக்கும். நீ கிட்ட வரக்கூடாது.”

“வரல அத்தை. அதுக்குத்தானே உங்ககிட்ட சொன்னேன். துணிக்கு அண்ணன் தம்பி கெடையாது. யாருக்காகவும் அது பேசாது.”

மாமியார் பழைய தலையணை உறையைக் கிழித்தாள். வெறும் தண்ணீரில் அலசி, மஞ்சளில் முக்கி, பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்து இரண்டும் ஒரே மஞ்சள்தானா என்று பார்த்தாள். மிஷின் அறைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று அவளாகவே மூன்றாவது துண்டையும் கிழித்தாள். மிஷின் அறையில் கிழவர் பார்த்ததைத் துணியும் பார்க்கட்டுமே என்றாள். சின்னவளின் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியில் காவல் தெய்வம்போல் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவளுக்கு நேரம் நகரவில்லை. சன்னலுக்குப் போனாள், விற்க ஒன்றுமில்லை. தெருவாசலில் தொங்கிய துணியைப் பார்த்தாள். அது மஞ்சளாகவே காய்ந்துகொண்டிருந்தது. தன் கணக்கு எங்கே பொருந்தாமல் போகுமோ என்று எண்ணி எண்ணிப் பார்த்தாள். அறைத் துணியும் மஞ்சளாகவே இருந்தால், சின்னவள் பொய் சொல்கிறாள் என்று தானும் சபையில் சொல்லிவிடுவது என்று தனக்குத்தானே உறுதி செய்துகொண்டாள். பிறகு, பொய் என்று எப்படி ஆகும், துணி தவறியிருக்கலாமே என்று தோன்றியது. பிறகு, வேண்டியபடி வராவிட்டால் துணியைக் குற்றம் சொல்வது என்றால் மாமியாருக்கும் தனக்கும் என்ன வேறுபாடு என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஒரு நேரம் அது சிவக்க வேண்டும் என்றிருந்தது. மறு நேரம், சிவந்தால் மகன் மூச்சில் இத்தனை காலம் எது போயிருக்கிறது என்ற கேள்விக்கு அஞ்சி, சிவக்கவே கூடாது என்றிருந்தது. துணி அவளுடைய விருப்பம் எதையும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது அண்ணன் வந்தான். அவன் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை பார்ப்பவன். பேச்சையும் அளந்துதான் வெட்டுவான். அவனோடு ஒரே வேளையில் சின்னவளும் கணவனும் திரும்பினர். ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தார்கள். அவன் குடித்து, குவளையைக் கீழே வைத்து, “சொல்லுங்க மாமா” என்றான்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு முன் மாமியார் எழுந்துவிட்டாள்.

“வாயால எதுக்குத் தம்பி சொல்லணும்? கண்ணால பாத்துக்கோ.”

அவள் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். துணியைக் கிழித்ததையும், தானே மாட்டியதையும், சாவி தன் இடுப்பை விட்டு இறங்காததையும் பெருமையோடு விவரித்தாள். தெருவாசல் துணியை எடுத்து வந்து காட்டினாள், மஞ்சள். மிஷின் அறைத் துணி; ஓரத்தில் சிறிது மங்கியிருந்ததே தவிர அதுவும் மஞ்சள். “பாத்துக்கிட்டியா?” என்று கூறி, சின்னவளின் அறைப் பூட்டைத் திறந்தாள்.

அறைக்குள் தொங்கிய துணியில் பாதி சிவந்திருந்தது. பலகை அடித்த பின்சுவரைப் பார்த்த பாதி அது. வெற்றிலை மென்று துப்பியது போன்ற சிவப்பு.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே போய் இருமினான்.

“எலி எதுவும் ஒண்ணுக்குப் போயிருக்கும்” என்றாள் மாமியார்.

“இவ்வளவு உசரத்துல தொங்குற துணியிலயா அத்தை?” என்றாள் பெரியவள்.

“அப்ப யாராச்சும் உள்ள வந்திருக்கணும்.”

“சாவி?”

மாமியார் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். “எங்கிட்டதான் இருந்துச்சு” என்றாள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, “அதான் எனக்கும் ஒண்ணும் புரியல” என்றும் சொன்னாள். அந்தப் பெண்மணி பொய் சொல்லி அறியாதவள் என்பதை வீட்டார் அன்று மீண்டும் ஒரு முறை கண்டனர்.

மாமனார் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். “ஒரு வாடையும் இல்லையே” என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

“மாமா, நீங்க திரி கொளுத்திப் பாத்தது மிஷின் ரூம்ல. இங்க பாக்கலயே” என்றாள் பெரியவள்.

“இங்க பாக்க என்னம்மா இருக்கு? இந்தப் பலகைக்குப் பின்னால பழைய கேஸ் குழாயோட வால்வு ஒண்ணு. எப்பவோ மூடினது. அதை யாரும் தொடுறதில்ல.”

“மூடினதுன்னா கசியாதா?”

மூடியது கசியாது என்பதை அவர் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. முடிவு செய்யாமலே நம்பியிருந்தார். மூத்தவன் கடப்பாரையால் பலகையை நெம்பினான். ஆணிகள் முனகிக்கொண்டு வந்தன. மாமனார் கந்தகத் திரியைக் கொளுத்தி, கையை நீட்டி, பழைய வால்வின் கழுத்தருகே கொண்டுபோனார். நூல்போல் ஏறிக்கொண்டிருந்த புகை திடீரெனத் திரண்டு, கறந்த பால்போல் வெளுத்தது.

அவர் திரியைக் காலடியில் போட்டு நசுக்கினார். நேரே மிஷின் அறைக்கு நடந்தார். சற்றைக்கெல்லாம் சக்கரம் தயங்கித் தயங்கிச் சுழன்று நின்றது. தெருவில் போன சைக்கிள் மணி வீட்டுக்குள் கேட்டது. கொக்கி பதறிப்போய் ஓடிவந்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டான்.

பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி அவள் எங்கும் போக வேண்டியதில்லை, மாமா வால்வை மாற்றிவிடுவார், இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும், கட்டி வைத்த பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். சின்னவள் கையை விடுவிக்காமலேயே கேட்டாள்.

“அக்கா, வாடை நின்னா நான் இங்கயே இருப்பேன்னு எப்ப சொன்னேன்?”

பெரியவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

“வாடை அடிக்குதுன்னு சொன்னேன். அது நெசம். தனியா இருக்கணும்னும் சொன்னேன். அதுவும் நெசம். ரெண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கதான். அத்தை ஒரு மாதிரி போட்டாங்க. நீங்க வேற மாதிரி போட்டுட்டீங்க.”

“கேட்டியா” என்றாள் மாமியார். அவள் குரலில் வெற்றி இருந்தது. ஆனால் எதில் வென்றாள் என்று சொல்லத் தெரியாமல், பாதி வழியிலேயே அந்த வெற்றி சோர்ந்தது. “நான் அப்பவே சொன்னேன், இவ தனிக்குடித்தனம்தான் கேக்குறான்னு.”

“சொன்னீங்க அத்தை. நான் இல்லன்னு சொல்லவே இல்லையே.”

இளையவன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். வீடு ஒன்று பார்த்திருப்பதாகவும், அன்றே அங்கே குடிபோவதாகவும், வண்டி வேலைக்கு வழக்கம்போல் காலையிலேயே வந்துவிடுவதாகவும் தாயிடம் சொன்னான். அதுவரை வீடு பார்த்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வாடை இல்லை என்று அவன் சொன்னதும் அவன் மூக்கு அறிந்த உண்மைதான். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு, தன் தங்கையைப் பொய்க்காரி என்று சொல்வதற்காக அழைத்தீர்களே, அந்தச் சொல் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டான். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, “வாடை விசயத்துல அவ பொய் சொல்லல” என்றாள். “விசயத்துல” என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னாள். அண்ணன் அதற்குமேல் வெட்டாமல் விட்டுவிட்டான்.

அவர்கள் வாசலுக்குப் போகையில் பெரியவள் அறைக்குள் தனியே நின்றாள். பெயர்ந்த பலகைக்கு அருகில் போய்க் குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். கண் கரித்து நீர் கோத்தது, தொண்டை கரகரத்தது. மூக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சுத்தமான காற்றை இழுத்தது போலவே இருந்தது.

அவள் உள்ளே போய் இரண்டு மாற்றுத் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு மிஷின் அறை வாசலுக்கு வந்தாள். மூத்தவன் பையைப் பார்த்துத் திகைத்தான்.

“நீ எங்க போற?”

“சின்னவ வீட்டுக்கு. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்.”

“உனக்குமா தனிக்குடித்தனம்?”

“எனக்கு வேண்டியது என் மூக்கு” என்றாள் அவள். “லீவுக்குப் பிள்ளை வரப் போறான். அவன் வர்றதுக்கு முன்னாடி இந்த வாசல்ல வந்து நின்னு மோந்து பாத்துச் சொல்ல, பழகாத மூக்கு ஒண்ணாவது இந்த வீட்டுக்கு வேணும். அஞ்சுல ஒண்ணை வெளிய எடுத்துட்டுப் போனாத்தான் உண்டு.”

“அப்ப சோறு யாரு ஆக்குறது?” என்று மாமியாரின் குரல் உள்ளேயிருந்து வந்தது. அவள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை.

மாமனார் நின்றுபோன சக்கரத்தின் அருகில் திருகுசாவியோடு உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவரிடம் கேட்டாள்.

“வெளிய போய் எத்தனை நாள் இருந்தா மாமா மூக்கு திரும்பி வரும்?”

அவர் யோசித்தார். மிஷினைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் உடனே விடை சொல்லிப் பழகிய மனிதர் அவர். திருகுசாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார், மறுபடியும் மாற்றினார்.

“தெரியலம்மா” என்றார். “அவ்வளவு நாள் நான் வெளிய இருந்ததே இல்ல.”